மாஸ்டரின் காலுக்கு ஒரு வாக்கெடுப்பு

அந்த வட்டாரத்தில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேராவது ஹாஃப் கிளட்ச் மாஸ்டரிடம் திட்டு வாங்கியிருப்பார்கள். மேட்டில் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, பின்னால் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, “அவன் கத்தட்டும், அது அவன் வேலை. நீ ஹாஃப் கிளட்ச்ல நில்லு, இது உன் வேலை” என்பார். பயிற்சிப் பள்ளியின் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு கிளட்ச்சும் ஒரு பிரேக்கும் உண்டு. கற்றுக்கொள்கிறவர் பதறி எதை மிதித்தாலும், மாஸ்டரின் கால் முந்திக்கொள்ளும். அவருடைய கெட்டிக்காரத்தனம் முழுக்கப் பாதத்தில் இருந்தது. வாய் சும்மா துணைக்கு.

சில வருடங்களுக்கு முன்னால் முதுகுவலி என்று படுத்தவருக்கு மல்டிபிள் மைலோமா என்று தெரிந்தது. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் ஒருவகை ரத்த அணு கட்டுப்பாடில்லாமல் பெருகி, எலும்பை அரிக்கும் புற்றுநோய். சிகிச்சை பார்த்த டாக்டரம்மா, மகள் வயதுதான் இருக்கும், ஒரு தாளில் இரண்டு கோடுகள் வரைந்து காட்டினார். நோயுற்ற அணுக்களில் நான்காவது குரோமோசோமும் பதினான்காவது குரோமோசோமும் ஒன்றுக்கொன்று துண்டை மாற்றிக்கொண்டிருந்தனவாம்.

“அப்பா கொடுத்ததா, அம்மா கொடுத்ததா?” என்றார் மாஸ்டர்.

“ரெண்டு பேர் மேலயும் பழி போடாதீங்க. இது நடுவுல வந்தது. பிள்ளைங்களுக்கும் போகாது.”

“அதுங்க எங்கிட்டருந்து எதையும் எடுத்துக்கறதில்ல டாக்டரம்மா. இதையும் விட்டுட்டாங்களா, நல்லது.”

வயிற்றுத் தோலுக்கடியில் வாரம் ஒரு ஊசி, கூடவே மாத்திரைகள். ஸ்டீராய்டு சாப்பிடும் நாளில் மாஸ்டருக்குத் தூக்கம் வராது. வீட்டிலிருக்கும் பாத்திரங்களையெல்லாம் தேய்த்து அடுக்குவார். “இந்த மாத்திரைய நிறுத்த வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்லட்டுமா?” என்று மனைவி கேட்பார். நோய் அடங்கியது. மாஸ்டர் மறுபடி காரில் ஏறினார்.

ஆனால் அந்த ஊசி ஒன்றைத் தந்து ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தது. முதலில் கால்விரல் நுனி மரத்தது. பிறகு பாதம் முழுக்கப் பஞ்சில் வைத்ததுபோல் ஆனது. டாக்டரம்மா ஒவ்வொரு முறையும், “கால் மரத்துப்போகுதா? எரிச்சல் இருக்கா?” என்று கேட்கத்தான் செய்தார். மாஸ்டரும் ஒவ்வொரு முறையும், “பூப்போல இருக்கு” என்று பதில் சொன்னார். உண்மையைச் சொன்னால் ஊசியை நிறுத்துவார்கள், நோய் திரும்பும். அல்லது காரை நிறுத்துவார்கள், தானே திரும்பி வீட்டுக்குப் போகவேண்டும். இரண்டில் எது பெரிய பயம் என்று அவரிடம் கேட்டால் அவருக்கே தெரியாது.

பயத்துக்கு நியாயம் இருக்கலாம். ஆனால் பொய்க்கு அந்த நியாயம் மட்டும் போதுமா என்பது வேறு கேள்வி. போன மாதம் ஒரு கல்லூரிப் பெண் பழவண்டியைப் பார்த்து மிரண்டு ஆக்ஸிலேட்டரை அழுத்தினாள். மாஸ்டரின் கால் பிரேக்குக்குப் போனது. போய்ச் சேர்ந்ததா என்று காலுக்கே தெரியவில்லை. குனிந்து பார்த்துத்தான் மிதித்தார். பழவண்டிக்கும் காருக்கும் நடுவில் ஒரு சாண் மிச்சம். “கண்ண எங்க வச்சிருந்த?” என்று அந்தப் பெண்ணைத்தான் திட்டினார். அன்று மட்டும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதே மாதம் ரத்தப் பரிசோதனையில் நோய் மெல்லத் தலைதூக்குவது தெரிந்தது. டாக்டரம்மா பதறவில்லை. “அடுத்த மருந்து இருக்கு மாஸ்டர். ஞாயித்துக்கிழமை எங்களுக்கு ஒரு சி.எம்.இ. இருக்கு. டாக்டருங்களுக்கான தொடர் வகுப்பு, மைலோமாவோட மரபணு, சிகிச்சை பத்தி. உங்க பேர் சொல்லாம உங்க கேஸையும் வைக்கப்போறேன். பெரியவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு முடிவு பண்ணலாம். கடைசில நோயாளி சார்பா நீங்க ரெண்டு வார்த்தை பேசுவீங்களா?”

பேசச் சொன்னால் மாஸ்டர் விடுவாரா? இஸ்திரி போட்ட சட்டையுடன், மனைவியையும் அழைத்துக்கொண்டு, மத்தியானமே போய்விட்டார். வாசலில் இருந்த பெண் எல்லாருக்கும் மாட்டுவதுபோல அவருக்கும் ‘டாக்டர்’ என்று அச்சடித்த அட்டையை மாட்டிவிட்டாள்.

“கழட்டுங்க அத” என்றார் மனைவி.

“அவங்களாக் கொடுத்த பட்டம். நான் கேட்டேனா?”

“யாராவது மயக்கம் போட்டு விழுந்தா என்ன பண்ணுவீங்க?”

“நியூட்ரலுக்குக் கொண்டுவந்துட்டு, பிரேக் போடுவேன்.”

பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் இருந்த வழுக்கைத்தலை டாக்டர் ஒருவர் பாதித் தூக்கத்தில் கண்விழித்து, “நீங்க எந்தத் துறை?” என்றார்.

“ரோடு.”

“ஓ, விபத்துப் பிரிவா? கஷ்டமான வேலை” என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மேடையில் டாக்டரம்மா வந்தார். திரையில் மாஸ்டரின் முதுகெலும்புப் படம், பிறகு வண்ணப் புள்ளிகளாக அவருடைய குரோமோசோம்கள். தன்னைப் பற்றி இத்தனை பேர் குறிப்பெடுப்பதைப் பார்க்க மாஸ்டருக்குக் கல்யாண மாப்பிள்ளைபோல் இருந்தது. அடுத்த படத்தில் பெரிய எழுத்தில் ஒரு வரி: ‘ஊசியை நன்கு தாங்கினார். நரம்புப் பாதிப்பு இல்லை.’

“நோய் திரும்புது. இவருக்குப் பழைய ஊசியோட புது ஆன்டிபாடி மருந்தைச் சேர்க்கலாமா? இல்ல, அதே ஆன்டிபாடி மருந்தோட, பழைய ஊசியோட வகையிலயே வேற மருந்து ஒன்னைச் சேர்க்கலாமா? அது நரம்பை அவ்வளவாத் தொடாது, ஆனா தோலுக்கடியில இல்லாம ரத்தக்குழாய் வழியா ஏத்தணும், இதயத்தைக் கவனிச்சுக்கிட்டே இருக்கணும். ஃபோன்ல ஓட்டுப் போடுங்க” என்றார் டாக்டரம்மா.

வழுக்கைத்தலைக்காரர் முழித்துக்கொண்டார். “இதுல என்ன யோசனை? நாலு-பதினாலு இடமாற்றத்துக்கு அந்த ஊசி நல்லாக் கேக்கும். நரம்பும் கெடலைன்னு போட்டிருக்கு. வீணா எதுக்கு இதயத்தோட விளையாடணும்? முதல் ஆப்ஷனை அழுத்துங்க டாக்டர்.”

திரையில் முதல் பட்டை மளமளவென்று வளர்ந்தது. மாஸ்டர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரிடம் சொன்ன பொய் அவரோடு நின்றுவிடும் என்று நினைத்திருந்தார். அது மேடையேறி, மைக் பிடித்து, ஒரு அரங்கத்தையே தன் பக்கம் இழுக்கும் என்று யார் கண்டது? அத்தனை பேரும் சரியாகத்தான் யோசித்தார்கள். தப்பு, அவர்களுக்குக் கொடுத்த விஷயத்தில் இருந்தது. இன்னும் சில வாரம் அந்த ஊசி போட்டால் மிச்சமிருக்கும் உணர்ச்சியும் போய்விடும். அப்புறம் குனிந்து பார்த்தாலும் பழவண்டி தப்பாது.

எழுந்து கையைத் தூக்கினார்.

“பின்னாடி ஒரு டாக்டர் கேக்கறார், மைக் கொடுங்க” என்றார் தலைமை வகித்த பெரிய மருத்துவர். “எந்த ஆஸ்பத்திரி சார்?”

“நான் டாக்டர் இல்லீங்க. அந்தத் திரையில இருக்கறது நான்தான்.”

அரங்கம் சிரித்தது. மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தார். “ரெண்டு வார்த்தை கடைசிலதான், இப்ப உக்காருங்க.”

“அந்த ஓட்டைக் கொஞ்சம் நிறுத்துங்க. நரம்பு கெடலைன்னு போட்டிருக்கே, அது பொய். டாக்டரம்மா மேல தப்பில்ல, அவங்க கேட்டுக்கிட்டேதான் இருந்தாங்க. நான்தான் மறைச்சேன். எனக்கு ரெண்டு பாதமும் தெரியல. செருப்பு கழண்டு விழுந்தாகூட யாராவது சொன்னாத்தான் தெரியுது.”

சிரிப்பு நின்றது. மேடையில் டாக்டரம்மாவின் முகம் சிவந்து, பிறகு நிதானமானது. பெரிய மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்போ இந்த வாக்கெடுப்பு செல்லாது. மறுபடி போடுங்க” என்றார். இரண்டாவது பட்டை வளரத் தொடங்கியது. வழுக்கைத்தலைக்காரர் மாஸ்டரின் அட்டையை ஒருமுறை, முகத்தை ஒருமுறை பார்த்தார்.

இடைவேளையில் டாக்டரம்மா அவரை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்து, ஷூவைக் கழற்றச் சொன்னார். பையிலிருந்து இசைக்கவையை, தட்டினால் அதிரும் இரும்புக் கவையை, எடுத்துத் தட்டிக் கால் கட்டைவிரலில் வைத்தார். “அதிர்றது தெரியுதா?”

“தெரியல.”

கணுக்காலில் வைத்தார். தெரியவில்லை. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வந்தபோதுதான் மாஸ்டர் தலையசைத்தார்.

“எங்கிட்டகூடச் சொல்லலையே” என்றார் மனைவி. குரலில் கிண்டல் இல்லை.

“உங்கிட்ட சொன்னா நீ அவங்ககிட்ட சொல்லிடுவ.”

“மருந்தை மாத்திடலாம் மாஸ்டர். இதயத்துக்கு முதல்ல ஒரு ஸ்கேன் எடுக்கணும்” என்றார் டாக்டரம்மா. “கால் கொஞ்சம் கொஞ்சமாத் தேறலாம், தேறாமலும் போகலாம். ஆனா வண்டி…”

“அத நான் பாத்துக்கறேன்.”

ஃபோனை எடுத்தார். பயிற்சிப் பள்ளியின் முதலாளி அவருடைய தங்கை புருஷன்தான்.

“மாப்ள, நாளைக்கு என் வண்டிக்கு வேற ஆள் போடு. எனக்குக் கால் சரியில்ல.”

“மழைக்காலம்னா இப்படித்தான் மச்சான், தைலம் தடவுங்க. எந்தக் காலு?”

“ரெண்டும்” என்றார் மாஸ்டர்.