றெக்கோட் பிளேயர் பார்க்கப் போன நாட்கள்

எண்பத்து நாலாம் ஆண்டு தை மாதம் அக்கா லண்டனுக்குப் போனா. அத்தான் அங்கே முதலே போயிருந்தார். அக்காவின் றெக்கோட்டுகள் எல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள், இடையிடையே பழைய சேலைத் துண்டுகள் வைத்து, உரும்பிராயில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. வீணை, புல்லாங்குழல், நாகஸ்வரம், கொஞ்சம் சினிமாப் பாட்டு. அவ கொழும்பில் வேலை செய்த காலத்தில் ஒவ்வொன்றாக வாங்கியவை. முந்தின சித்திரை விடுமுறைக்கு வந்தபோது ஊரில் அப்பா வீட்டில் கொண்டுவந்து வைத்ததால் அவை தப்பின. பிளேயர் கொழும்பு அறையிலேயே நின்றது. ஆடிக் கலவரத்தில் தமிழர் வீடுகளை எரித்தபோது அந்த அறையோடு அதுவும் போய்விட்டது.

எனக்கு ஐப்பசியில்தான் கல்யாணம் நடந்திருந்தது. பேச்சுக்கால் கல்யாணம், பெரியவர்கள் பேசி முடித்தது. நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன், இவர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தார். நல்ல மனிசன் என்று எல்லோரும் சொன்னார்கள். குடி இல்லை, புகை இல்லை, நேரத்துக்கு வீட்டுக்கு வருவார். ஆனால் ஒரு குணம் எனக்குப் பிடிபடவே இல்லை. சில நேரம் நான் கேட்பதற்கு உடனே பதில் சொல்லுவார். சில நேரம் நான் ஒரு ஆளே இல்லாதது போல் இருப்பார். ஆள் கொஞ்சம் பெருமைக்காரன் என்று முடிவு செய்துகொண்டேன்.

அக்காவை வழியனுப்பக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போக எனக்கு ஆசை. அப்பா அவவைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தது. சந்தைக்குப் போகும் வழியில், சைக்கிள் கரியரில் இருந்தபடி இவரிடம் கேட்டேன், “அப்பாவோடை நானும் கொழும்புக்குப் போட்டு வரட்டோ?” பதில் இல்லை. கொஞ்சத் தூரம் போனபின் திரும்பவும் கேட்டேன். அப்போதும் இல்லை. கலவரம் நடந்து அரை வருசம்கூட ஆகவில்லை, கொழும்பு என்றால் எல்லோருக்கும் பயம்தான். விருப்பமில்லாவிட்டால் இல்லை என்று ஒரு சொல் சொல்லலாமே என்று மனதுக்குள் கொதித்தேன். மூன்றாம் தரம் கேட்க ரோசம் விடவில்லை. அக்கா நான் இல்லாமலே விமானம் ஏறினா.

பெட்டி வந்த பின்னர் றெக்கோட் பிளேயர் வாங்கவேண்டும் என்று நான் சொன்னதும் இவர் உடனே சம்மதித்துவிட்டார். “பாட்டிலை எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. நீர் பாத்து எடும். மெஷின் நல்லதோ கூடாததோ எண்டு நான் பாக்கிறன்” என்றார். ஒவ்வொரு இடத்துக்கும் போகும்போது வீணையும் புல்லாங்குழலும் சேர்ந்து வாசித்த றெக்கோட் ஒன்றைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனேன். நன்றாகத் தெரிந்த றெக்கோட்டைப் போட்டுப் பார்த்தால்தான் மெஷினின் குணம் தெரியும் என்று அக்கா சொல்லியிருந்தா.

முதலில் யாழ்ப்பாணம் பெரியகடைப் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். மேலே றெக்கோட் தட்டு, முன்னுக்குக் கசெற், நடுவில் றேடியோ, எல்லாம் ஒரே பெட்டியில். பளபளப்பாக இருந்தது. கடைக்காரப் பையன் ஊசியை வைத்தான். சத்தம் பெரிதாகத்தான் வந்தது, ஆனால் வீணையின் நீண்ட கமகம் ஒவ்வொன்றும் தளம்பித் தளம்பி ஆடியது. இவர் உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு நின்றார்.

“மோட்டர் உதறுது. தண்ணி இறைக்கிற மெஷின் அடிச்சட்டம் இறுக்காமல் ஓடுற மாதிரிக் கிடக்கு” என்றார் வெளியே வந்து.

“உங்களுக்குப் பாட்டு ஆடினது கேக்கேல்லையோ?”

“கையிலை தெரிஞ்சுது.”

அடுத்தது கோப்பாயில் ஒரு ஒலிபெருக்கிக்காரர் வீடு. கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் பாட்டுப் போடுகிறவர். கசெற் வந்தபின் றெக்கோட் பிளேயர்கள் அவர் வீட்டுப் பின்பக்க மால் கொட்டிலுக்குள் சும்மா கிடந்தன. ஒன்றை எடுத்துத் துடைத்து வைத்தார். இரும்பு மாதிரிப் பாரம். ஒரு துளி ஆட்டமும் இல்லை. இவருக்கு நல்ல திருப்தி. நான் குனிந்து ஊசியைப் பார்த்தேன். ஊசி பூட்டிய கையின் முனை கல் போல றெக்கோட்டின் மேல் குந்தியிருந்தது.

“அண்ணை, உது பாரமாக் கிடக்கே? றெக்கோட்டைத் தின்னாதோ?”

“தின்னுந்தான் பிள்ளை” என்று சிரித்தார் அவர். “ரோட்டாலை லொறி போனாலும் ஊசி துள்ளக்கூடாது, அதுதான் எங்களுக்கு முக்கியம். ஒரு திருவிழாவுக்கு ஒரு றெக்கோட் போனால் போகட்டும். வீட்டிலை வைச்சுக் கேக்கிறதுக்கு உது சரிவராது.”

விற்கிறவரே அப்படிச் சொன்னபின் என்ன செய்வது. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

வல்வெட்டித்துறையில் இருந்து வந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ஒரு ரீச்சர் தன் அயலில் ஒரு பிளேயர் இருப்பதாகச் சொன்னா. கப்பலில் எஞ்சினியராக இருந்து இளைப்பாறிய ஒருவர் சிங்கப்பூரில் வாங்கி வந்தது. மனைவியோடு சென்னையில் மகள் வீட்டுக்குப் போகப்போகிறாராம், கொண்டுபோக முடியாதாம். பங்குனியில் ஒரு சனிக்கிழமை காலை, அச்சுவேலி, தொண்டைமானாறு வழியாகப் போகிற பஸ்ஸில் போனோம்.

கடற்கரையில் இருந்து இரண்டாவது ஒழுங்கையில் வீடு. எஞ்சினியர் ஐயா சாறமும் பெனியனுமாக வாசலுக்கு வந்தார். ஹோலில் மேசை ஒன்றின் மேல் பிளேயர் தனியாக இருந்தது. அம்பிளிஃபயர் வேறு, ஸ்பீக்கர் இரண்டு வேறு. மேசன்மார் மட்டம் பார்க்கிற சின்னக் குழாய் ஒன்றைத் தட்டின் மேல் வைத்து, மேசைக் காலுக்குக் கீழே மடித்த மட்டையைத் தள்ளிச் சரிசெய்தார்.

“மட்டம் பிழைச்சால் ஊசி ஒரு பக்கமாச் சாயும். தட்டு பாரமா இருக்கவேணும், ஊசி பாரமில்லாமல் இருக்கவேணும். மோட்டரும் தட்டும் முட்டக்கூடாது, நடுவிலை பெல்ற் இருக்கவேணும். வேறை ஒண்டுமில்லைப் பிள்ளை, இவ்வளவுதான்.”

தட்டின் விளிம்பைச் சுற்றி வெள்ளிப் புள்ளிகள் இருந்தன. சரியான வேகத்தில் சுற்றினால், ஒரு சின்ன பல்ப் வெளிச்சத்தில் அந்தப் புள்ளிகள் அசையாமல் நிற்பது போல் தெரியும். இவர் முழங்காலில் இருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “நிக்குது, பாரும். சுத்துது, ஆனால் நிக்குது!” என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கல்யாணம் முடித்த நாளில் இருந்து அவர் அவ்வளவு உற்சாகப்பட்டு நான் கண்டதில்லை.

என் றெக்கோட்டைப் போட்டார்கள். வீணை தளம்பவில்லை. மீட்டிய தந்தி ஓய்கிற வரைக்கும் கேட்டது. இதுதான் என்று அந்த இடத்திலேயே மனதுக்குள் தீர்மானித்துவிட்டேன்.

“உண்மையாக் கேக்கவேணும் எண்டால் இதைப் போடுங்கோ” என்று ஐயா பெரிய ஹெட்போன் ஒன்றை என் தலையில் வைத்தார். இடது காதில் வீணை, வலது காதில் குழல், இரண்டுக்கும் நடுவில், என் தலைக்குள்ளேயே மிருதங்கம். லீவுகளுக்குப் போய் அக்காவின் கொழும்பு அறையில் எத்தனையோ தரம் கேட்ட றெக்கோட், அதற்குள் இப்படி ஒரு இடம் இருந்ததே தெரியாது. அழுகை வருமாற்போல் இருந்தது. கழற்றி இவர் தலையில் மாட்டிவிட்டேன்.

இவர் கண்ணை மூடிக் கேட்டார். “நல்லாக் கிடக்கு.”

“வீணை எப்பிடி?” என்று நான் கையால் மீட்டிக் காட்டிக் கேட்டேன்.

“வீணையோ? இதிலை எங்கை வீணை? குழல்தானே.”

“ஒரு பக்க வயர் விட்டுட்டுது போலை” என்று ஐயா அவசரமாக வந்து, ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்தார். இரண்டு பக்கமும் வேலை செய்தது. பின்னை என்ன என்று யோசித்து, செருகியை இழுத்துத் துடைத்து, இவர் தலையில் இந்தமுறை மாறி மாட்டிவிட்டார். “இப்ப?”

“இப்ப வீணை வருது” என்றார் இவர். “குழல் நிண்டிட்டுது.”

ஐயா செருகியைக் கழற்றித் திறக்க ஸ்குரூ ட்ரைவர் தேடிப் போகத் திரும்பினார். இவர் ஹெட்போனைக் கழற்றி, வயரை மெதுவாகச் சுற்றி மேசையில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

“வயரிலை பிழையில்லை ஐயா. என்ரை இடது காது கேக்காது.”

ஐயாதான் முதலில் கதைத்தார். “அதுக்கென்ன தம்பி. எஞ்சின் அறையிலை நிண்டு எனக்கும் பாதி போட்டுது” என்று சொல்லி, அம்பிளிஃபயரில் ஒரு பட்டனை அமத்தினார். “இது ரெண்டு பக்கத்தையும் ஒண்டாக் கலக்கும். இப்ப வைச்சுப் பாருங்கோ.” இவர் மாட்டிக்கொண்டார். வீணையும் குழலும் ஒன்றாக வந்திருக்கவேண்டும், முகம் மலர்ந்தது. என்னிடம் திரும்பிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

யோசித்துச் சொல்லுகிறோம் என்று எழும்பிவிட்டோம். பஸ்ஸுக்குக் காத்து நின்ற இடத்தில் உப்புக் காற்று அடித்தது. அவரின் வலப்பக்கமாகப் போய் நின்றேன். பிறகு கேட்டேன், “எப்ப இருந்து?”

“சின்னனிலை. கூகைக்கட்டு வந்து கன்னமெல்லாம் வீங்கினது. வீக்கம் வத்தேக்கை காதும் போட்டுது.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“கல்யாணம் பேசேக்கை சொல்லவேண்டாம் எண்டு அம்மா சொன்னவ. முடிஞ்சபிறகு நான் சொல்லுவம் எண்டுதான் இருந்தனான். பிந்தப் பிந்தக் கஷ்டமாப் போச்சு.”

“சைக்கிள் கரியரிலை நான் கதைக்கிறது?”

“நீர் இடப்பக்கம் பாத்தெல்லோ இருக்கிறனீர். காத்தோடை ஒண்டும் விளங்காது.”

“அக்காவை வழியனுப்பக் கொழும்புக்குப் போகட்டோ எண்டு ரெண்டு தரம் கேட்டனான். நீங்கள் வாயே திறக்கேல்லை.”

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு ஞாபகம். “கேட்டனீரோ?” என்றார். பிறகு பக்கத்தில் இருந்த மதகுக் கட்டில் உட்கார்ந்துவிட்டார். “கேட்டிருந்தால் நானே கூட்டிக்கொண்டு போயிருப்பன். நீர் ஏன் போகேல்லை எண்டு நான் யோசிச்சனான். பயமாக்கும் எண்டு நினைச்சன்.”

பஸ் வந்தது. ஏறினோம்.

என் கோபம் காதைப் பற்றியது அல்ல. அக்கா விமானம் ஏறும்போது முகத்தைப் பார்க்காமல் விட்டது ஒன்று. மற்றது, பெருமைக்காரன் என்று நான் மனதுக்குள் கட்டிவைத்திருந்த ஆளோடுதான் அத்தனை நாளும் சண்டை பிடித்திருக்கிறேன் என்பது. அந்த ஆள் இல்லை என்றாகிவிட்டது. ஆனால் கோபம் போக இடமில்லாமல் அப்படியே நின்றது. சமைத்தேன், பள்ளிக்கூடம் போனேன், தேவைக்கு மட்டும் கதைத்தேன். இவர் எதுவும் கேட்கவில்லை. ஒரு நாள் சைக்கிளை வெளியே எடுத்தவர், “இண்டைக்கு வலப்பக்கம் பாத்து இரும், பாப்பம்” என்றார். இருந்தேன். பழக்கமில்லாமல் சந்தி திரும்பும்போது விழப் பார்த்தேன். இருந்தாலும் சந்தைக்குப் போகும் வரைக்கும் நான் கேட்ட ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. பதில் வருகிறதா என்று பார்க்க, சுண்ணாம்புத் தூள் முடிந்துவிட்டதா என்றுகூடக் கேட்டேன்.

அடுத்த கிழமை மாமி சுன்னாகத்தில் இருந்து முருங்கைக்காயும் கொண்டு வந்தா. குசினியில் எனக்குப் பக்கத்தில் பலகை போட்டு இருந்தா. நான் காயை வெட்டிக்கொண்டே கேட்டேன்.

“மாமி, உங்கடை மகனுக்கு ஒரு காது கேக்காது. தெரியுமோ?”

மாமி திடுக்கிடவே இல்லை. “தெரியும் பிள்ளை. பெத்த எனக்குத் தெரியாதே? சொல்லியிருந்தால் நீ கட்டியிருப்பியோ?”

இல்லாமல் என்ன, கட்டியிருப்பேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். வரவில்லை. அப்போது எனக்கு நாலைந்து இடம் பேசி வந்தது. காது கேளாத மாப்பிள்ளை என்றால் அப்பா சாதகத்தையே வாங்கிப் பார்த்திருக்கமாட்டார். நானும் ஏன் என்று கேட்டிருக்கமாட்டேன்.

“தெரியேல்லை மாமி” என்றேன்.

“எனக்குத் தெரியும்” என்றா மாமி. “அதுதான் சொல்லேல்லை.”

சரி பிழை பார்க்காமல் அவ அதைச் சொன்ன விதத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமிக்கும் வந்தது. சத்தம் கேட்டு இவர் குசினி வாசலில் வந்து நின்று, எந்தக் காதாலும் ஒன்றும் விளங்காமல் எங்கள் இருவரையும் பார்த்தார்.

அன்று பின்னேரம் நான்தான் கதையை எடுத்தேன். “அந்த வல்வெட்டித்துறைச் சாமானை எடுப்பம்.”

“எடுப்பம். ஸ்டீரியோவிலையே கேளும். எனக்காக அந்தப் பட்டனை அமத்தவேண்டாம்.”

“ரெண்டு பேரும் இருந்து கேக்கத்தான் வாங்கிறது. அமத்துவம்.”

“நான் இல்லாத நேரம் பட்டனை எடுத்துவிடும், என்ன?”

“ஓம்.”

அப்பாவின் தோட்டச் சாமான் ஏற்றுகிற லாண்ட்மாஸ்டர் ட்ராக்டர் பெட்டியில், வைக்கோலுக்குள் வைத்துப் பிளேயர் வந்து சேர்ந்தது. இவர் நாள் முழுக்க மேசைக் காலுக்கு மட்டை வைத்து மட்டம் பார்த்தார். பின்னேரங்களில் ஊரெல்லாம் லைற் போடும்போது கரண்ட் குறைந்து தட்டின் வேகம் தளரும். அதனால் ஞாயிறு காலைகளில்தான் கேட்போம். அக்காவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். வழியனுப்ப வரவில்லை என்று அவ என்னோடு மனவருத்தம் வைத்திருந்தது அவவின் பதிலில்தான் தெரிந்தது. அதுவும் அதோடு தீர்ந்தது.

பாட்டில் பழக்கமில்லை என்றவர் ஒரு வருசத்துக்குள் என்னைவிடக் கெட்டியாகிவிட்டார். நாகஸ்வர றெக்கோட் என்றால் இரண்டாம் பக்கத்தைத்தான் முதலில் போடவேண்டும் என்பார். எனக்கு முதலாம் பக்கம். தொண்ணூறில் திரும்பவும் சண்டை தொடங்கிக் குடாநாட்டுக்குக் கரண்ட் நிற்கும் வரைக்கும் அந்தத் தர்க்கம் எங்களுக்குள் முடியவில்லை. பெரும்பாலும் அவர்தான் வென்றார், ஏனென்றால் நான் தேத்தண்ணி போட உள்ளே போகிற நேரம் பார்த்து ஊசியை வைத்துவிடுவார்.