ஞாயிறு நாலு மணித் துடிப்பு

ஜிம்முக்கு வருகிறவர்களை ஓட ஓட விரட்டும் மாஸ்டருக்கு நாற்பது வயதில் முனைவர் பட்ட ஆசை தொற்றிக்கொண்டது. உடற்பயிற்சியும் இதயத்துடிப்பும்தான் தலைப்பு. "அடுத்தவங்களச் சோதிக்கிறதுக்கு முன்னாடி, ஒரு வாரம் நீங்களே கட்டிப் பாருங்க" என்று நெறியாளர் அம்மா, துடிப்பைப் பதிவுசெய்யும் நெஞ்சுப் பட்டையைக் கொடுத்தனுப்பினார்.

வாரம் முடிந்ததும் வரைபடத்தைப் பார்த்த நெறியாளர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு எங்க ஓடுனீங்க? மலையேறின மாதிரி எகிறியிருக்கே!"

"ஓடல மேடம். வீட்ல தனியா சும்மாதான் உக்காந்திருந்தேன்."

"அப்புறம் எப்படி?"

மாஸ்டர் பட்டையின் கொக்கியை நோண்டிக்கொண்டே சொன்னார்: "வாசல் மணி அடிச்சுது. எங்க வீட்டு மணி அடிச்சு ரொம்ப நாளாச்சு."

"யாரு வந்தா?"

"பக்கத்து வீட்டுக்கு வந்தவங்க. வீடு மாறி அடிச்சிட்டாங்க, மேடம்."