பின்னோக்கிப் போன முள்

செல்லூரில் பீர் முகமது ரேடியோவும் பழுது பார்ப்பார், விசைத்தறி மோட்டாரும் பழுது பார்ப்பார். எட்டாவது வரை படித்தவர். மற்றதெல்லாம் கெட்டுப்போன சாமான்களைப் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

1984இல் தல்லாகுளத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆசிரியையாக இருந்த விஜயம், ஒரு வரைபடத்தோடு அவர் கடைக்கு வந்தார். கண்ணில் படும் அசைவிலிருந்து திசையையும் தூரத்தையும் மூளை நரம்புகள் எப்படி அறிகின்றன என்று ஒரு பெட்டியில் செய்து பார்க்க வேண்டும். ஒளி உணரும் சில்லுகள்தான் கண்கள். ஒரு கண்ணின் செய்தி சற்றுத் தாமதித்து அடுத்த கண்ணின் செய்தியோடு சேர வேண்டும். பொருள் வலப்பக்கம் நகர்ந்தால் பெட்டி மேலுள்ள மீட்டர் முள்ளும் வலப்பக்கம் சாயும். கிட்டத்தில் என்றால் அதிகமாக, எட்டத்தில் என்றால் குறைவாக.

“வெள்ளிக்கிழமை கமிட்டி வருது பாய். இது ஓடலேன்னா என் ரூமை கெமிஸ்ட்ரி ஸ்டோருக்குக் கொடுத்துருவாங்க.”

“ஓட்டிருவோம் டீச்சர்.”

வியாழக்கிழமை பெட்டி முடிந்தது. பக்கத்துத் தறிக்காரர் காளை நெய்த, நெருக்கமாகக் கோடு போட்ட துண்டைப் பீர் முகமது அதன் முன்னால் வலப்பக்கம் இழுத்தார். முள் இடப்பக்கம் போனது. செல்லூரில் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் இரண்டு ஒயரை மாற்றிப் போடுவார்கள், யாரும் யோசிப்பதில்லை. அவரும் மாற்றிப் போட்டார். சரியாகிவிட்டது.

டீ கொண்டுவந்த மனைவி சபியா ஈயை விரட்டினார். “என்னங்க, என் கை இந்தப் பக்கம் போனா உங்க முள்ளு அந்தப் பக்கம் போகுது.”

“கையைச் சும்மா வச்சுக்கிட்டுப் போ.”

“ஆமா, எங்கையி பேய்க் கையி. அதான் பயந்து ஓடுது.”

பீர் முகமது தன் கையை ஆட்டிப் பார்த்தார். முள் எதிர்ப்பக்கம்தான் போனது.

சாயங்காலம் விஜயம் வந்ததும் இருவரும் துண்டை மெல்ல மெல்ல நகர்த்திப் பார்த்தார்கள். முன்னால் போன கோடு இரண்டாவது கண்ணைத் தாண்டிய உடனே, பின்னால் வரும் கோடு முதல் கண்ணைத் தொட்டது. பெட்டி இரண்டையும் ஒரே கோடு என்று எண்ணித் திசையைத் திருப்பிச் சொன்னது.

“ஒயரு முதல்லயே சரியாத்தான் இருந்துருக்கு. நாந்தான் மோட்டாருன்னு நெனச்சுட்டேன்” என்று மறுபடி மாற்றிப் பூட்டினார்.

“துண்டை நாளைக்குக் கொண்டு வரவேணாம் பாய். கையை மட்டும் காட்டுவோம்.”

“கமிட்டிக்காரரு கோடு போட்ட சட்டையில வந்தா என்ன செய்வீங்க?”

விஜயம் சிரித்துவிட்டார். துண்டோடு, அகலப் பட்டை போட்ட ஜமுக்காளம் ஒன்றையும் எடுத்துவைக்கச் சொன்னார்.

மறுநாள் கல்லூரியில் ஜமுக்காளத்துக்கு முள் சரியாகப் போனது. துண்டுக்குப் பின்னோக்கிப் போனது. கமிட்டியில் ஒருவர் கொட்டாவி விட்டார். இன்னொருவர் எழுந்து வந்து, துண்டைத் தானே வாங்கி இழுத்துப் பார்த்தார்; பிறகு வேகமாக; பிறகு தள்ளி நின்று. ஏன் தவறுகிறது என்று கேட்டார். விஜயம் கரும்பலகையில் வரைந்து விளக்கினார்.

அறை இன்னும் ஒரு வருடத்துக்கு அவருக்கே என்று முடிவானது. சில்லுகளை நெருக்கி வைத்து அடுத்த பெட்டியைச் செய்ய, பீர் முகமது அங்கேயே அடிக்குச்சியை எடுத்து மேசையை அளந்தார்.