இருளாயி அணைத்த சூடம்

கடவுளை முழுசாக நம்புகிறவர்கள் கடவுள் பேரால் சொல்லப்படும் எதையும் நம்பிவிடுவார்கள் என்று ஒரு பொது அபிப்பிராயம் இருக்கிறது. இருளாயியைத் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அவளுக்கு முப்பது வருஷத்துக்கு மேல் அரசு ஆஸ்பத்திரியில் வார்டு வேலை. புருஷன் சர்வீஸில் இருக்கும்போதே செத்ததால் கிடைத்தது. "இருந்தப்போ வீட்டுக்குக் கொடுக்காதத மனுஷன் செத்துக் கொடுத்தாரு" என்பாள். கோரிப்பாளையத்து வாடகை வீட்டில் இருந்துகொண்டே ஒரே மகனைப் படிக்கவைத்து, கல்யாணமும் முடித்தாள். அறுபது வயதில் ஓய்வு. மாதப் பென்ஷன் போக, பணிக்கொடையும் பென்ஷனில் ஒரு பங்கை முன்கூட்டி வாங்கியதும் சேர்ந்து பெரிய தொகையாகப் பேங்கில் வந்து விழுந்தது. அதுவரை இல்லாத வழக்கமாக, சொந்தக்காரர்கள் போன் போட்டு அவளுடைய பிரஷரை விசாரிக்கத் தொடங்கினார்கள்.

அந்தச் சமயம் பார்த்து மகன் செல்வக்குமாருக்கு கே.கே. நகரில் ஒரு பழைய வீடு விலைக்கு வந்தது. அம்மாவின் தொகையும் சேர்ந்தால் வாங்கிவிடலாம்.

"கீழ் ரூம் ஒனக்குத்தாம்மா. உள்ளயே பாத்ரூம். இந்த வண்டிச் சத்தத்துல ஏன் கெடந்து சாகுற? ஒம் மருந்து மாத்திரைய நான் பாத்துக்க மாட்டேனா?"

செல்வக்குமார் பொய் சொல்கிறவன் இல்லை. சங்கடமே அதுதான். சொல்லும்போது ஒவ்வொரு வார்த்தையையும் மனசாரச் சொல்வான், கண்கூடக் கலங்கும். அவளுடைய கண் ஆபரேஷனுக்குக் கூடவே இருப்பதாகச் சொன்னவன், ஆபரேஷன் முடிந்த மறுநாள் ஒரு பை ஆப்பிளோடு வந்து, அவளைவிட அதிகமாக அழுதான். "ஒங்க மகன் அழுதே எல்லாத்தயும் கழிச்சுருவாரு அத்தை" என்றாள் மருமகள் சத்யப்ரியா.

வார்டில் இருளாயி பார்த்த கிழவர்களின் பிள்ளைகளும் கெட்டவர்கள் இல்லை. முதல் நாள் கட்டிலைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். வாரம் திரும்பினால் கிழவர் மட்டும் இருப்பார். டீ குடிக்கக் காசிருக்காது. ஏடிஎம் கார்டு மகனிடம் இருக்கும். "வந்துருவான்" என்பார். "வந்துருவாரு அய்யா" என்று இவளும் சொல்லிவிட்டுப் போர்வையை மாற்றுவாள். அந்தக் கட்டிலில் தான் படுத்திருப்பதாக நினைத்துப் பார்க்க அவளுக்குப் பெரிய கற்பனை தேவைப்படவில்லை.

ஆகவே பணத்தைப் போஸ்ட் ஆபீசில் போடப்போவதாகச் சொன்னாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வட்டி வரும். யாரிடமும் கையேந்த வேண்டாம். செல்வக்குமாரின் முகம் சுண்டிப்போனது.

"போஸ்டாபீச நம்புற, பெத்த மகன நம்பல."

"நம்பலன்னு யாருப்பா சொன்னா?"

"அப்ப ஊருக்கு வா. கருப்பு முன்னால சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்றேன், கடைசிவரைக்கும் ஒன்னய நாந்தான் பாப்பேன்னு. போதுமா?"

செக்கானூரணிக்கு மேற்கே இருக்கும் அவர்கள் ஊரில், காவல் தெய்வம் கருப்பு முன்னால் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் செய்யும் சத்தியத்துக்கு மேல் ஒரு ஜாமீன் கிடையாது. இருளாயியின் தம்பி விருமாண்டி பூரித்துப்போனார். "பத்திரத்துல எழுதுனாக்கூட கோர்ட்டுல வாய்தா வாங்கலாம்க்கா. கருப்புகிட்ட வாய்தா ஏது? இன்னும் என்ன வேணும் ஒனக்கு?"

அந்த வாய்தா இல்லாததுதான் அவளுக்குப் பயம். வரப்புத் தகராறில் பொய்யாகச் சூடம் அணைத்த ஒருத்தருக்கு அந்த ஆடி கழிவதற்குள் ஒரு கால் போனது. சர்க்கரை என்றார்கள் டாக்டர்கள். ஊரில் யாரும் அதை மறுக்கவில்லை. சர்க்கரையை அனுப்பியது யார் என்பதில்தான் அவர்களுக்குச் சந்தேகம் இல்லாமல் இருந்தது. இருளாயிக்கும் இல்லை. செல்வக்குமார் மறப்பான். முதல் வருஷம் இல்லாவிட்டால் மூன்றாம் வருஷம். அவள் மன்னித்துவிடுவாள். கருப்பு மன்னிக்காது.

சத்தியம் வேண்டாம் என்றால் மகனை நம்பவில்லை என்றாகும். சத்தியமில்லாமலே பணத்தைக் கொடுத்தால் அந்தக் கட்டில். வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனாள்.

பூசாரி வெற்றிலையில் சூடத்தை வைத்து ஏற்றினார். செல்வக்குமார் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு கையை நீட்டினான். அந்த நிமிஷத்தில் அவன் அவ்வளவு உண்மையாக இருந்தான். அவனுக்கு முந்தி இருளாயியின் உள்ளங்கை சூடத்தின் மேல் விழுந்தது.

"கருப்பா, எங்காசு எங்கிட்டயே இருக்கும். சோறோ மருந்தோ எம்மகன்கிட்ட நான் எதுவும் கேக்க மாட்டேன். அவன் என்னயப் பாக்கலன்னு ஒருநாளும் ஒங்கிட்ட வந்து நிக்க மாட்டேன். இது சத்தியம்."

"ஏக்கா, கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு?" என்று விருமாண்டி கத்தினார். பூசாரி, தன் அனுபவத்தில் இல்லாத ஒன்றுக்குத் திருநீறு கொடுக்கலாமா கூடாதா என்று தட்டோடு நின்றார்.

செல்வக்குமார் சட்டையை மாட்டிக்கொண்டான். "அம்புட்டுத்தானாம்மா நானு?"

பதில் இருளாயியிடம் இருந்தது. அதைச் சொன்னால், நீ வாக்குத் தவறுவாய் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அவன் பைக்கை எடுத்துக்கொண்டு தனியாகப் போனான். அவள் தம்பியோடு பஸ்ஸில் திரும்பினாள்.

அடுத்த வாரம் விருமாண்டிதான் துணைக்குப் போஸ்ட் ஆபீசுக்கு வந்தார்.

"நாமினி யாரும்மா?" என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

"எம்மகன். செல்வக்குமார்னு போடுங்க."

"கூடத்தான் இருக்காரா?"

"இல்ல. பேச்சுவார்த்தை இல்ல."

அந்தப் பெண் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள். விருமாண்டிக்குத் தாங்கவில்லை. "இதச் சொன்னா மாப்ள கோவமெல்லாம் எறங்கிரும்க்கா. போன் போடவா?"

"போடாத."

"ஏன்?"

"இப்ப அவனுக்கு எம்மேல கோவம் மட்டுந்தான் இருக்கு. இது தெரிஞ்சா, கெழவி இன்னும் எம்புட்டு நாளைக்குன்னு ஒரு நெனப்பு வரும். வேணும்னு நெனைக்க மாட்டான், நல்ல பய. ஆனா தானா வந்துரும். அந்தப் பாவம் வேற அவனுக்கு எதுக்கு?"

விருமாண்டி போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.