கணவாயில் ஓர் உடைப்பு

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் காலை ஐந்தரை மணிக்கு அருப்புக்கோட்டையிலிருந்து கிளம்பினோம். நானும் பாண்டியும், ஆளுக்கொரு சைக்கிள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்கு டவுனில் பாத்திரக்கடை. பாண்டி நரிக்குடிப் பக்கத்துக்காரன். நூல் மில்லில் ஷிப்டு வேலை. அவனுடைய அப்பா கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடும் வேலை பார்த்தவர். வத்திராயிருப்பு வரை சைக்கிளில் போய், அங்கிருந்து அணில் சரணாலய மலையைச் சைக்கிளோடு நடந்து கடந்து, மேற்கே வருசநாட்டுப் பக்கம் இறங்குவது திட்டம். வீட்டில் சொன்னபோது என் மனைவி கேட்டது ஒன்றுதான்: மலை மேல் எதற்கு சைக்கிள்? அவளுடைய அண்ணன்மார் எங்கள் கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்த வண்டி அது. கீறல் விழாமல் கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தேன்.

விருதுநகர் இருபது கிலோமீட்டர். அதற்கப்பால் நாற்பதுக்கு மேல். எதிர்காற்றில் மிதித்து வத்திராயிருப்பு போய்ச் சேரும்போது மணி ஒன்று. டீ ஒரு ரூபாய். டீக்கடைக்காரர் எங்களைவிடச் சைக்கிளைத்தான் அதிக நேரம் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. குடத்தைத் தட்டிப் பார்க்காமல் வாங்காதவன் நான், மனிதரையும் அப்படித்தான். அன்றிரவு சத்திரத்தில் சைக்கிளைப் பூட்டிய சங்கிலியைக் காலில் கட்டிக்கொண்டு தூங்கினேன்.

மறுநாள் காலை ஆறரை. வழிகாட்ட வந்தவர் பெயர் செல்லையா. எங்கள் வயதுதான் இருக்கும். முப்பது ரூபாய் போதும் என்றார். மற்றவர்கள் அறுபது கேட்ட இடத்தில் இவர் முப்பது கேட்டதே எனக்கு உறுத்தியது. மலைக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பில் தங்கச்சி பிள்ளை பெற்றிருக்கிறாள், எப்படியும் பார்க்கப் போக வேண்டும், அதனால்தான் என்றார். நான் நம்பவில்லை. அடிவாரத்துக் காவலர் எங்களையும் நம்பவில்லை. கஞ்சா ஒளித்திருக்கிறோமா என்று சைக்கிள் பம்பைக் கழற்றி உள்ளே ஊதிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

முதல் நான்கு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போக முடிந்தது. பிறகு பாறை. செல்லையா கேட்காமலே என் சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று ஏறினார். நான் மூச்சிரைக்கப் பின்னாலேயே ஓடினேன், அவர் என் கண்ணை விட்டு மறைந்துவிடக் கூடாதென்று. மரக்கிளையில் நீள வாலோடு ஒரு சாம்பல் அணில் உட்கார்ந்திருந்ததாம். பாண்டி பார்த்தான். நான் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதரை மணிக்கு உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. செல்லையா சைக்கிளை இறக்கி வைத்து, பிள்ளை பெற்றவளுக்கு ஒரு வேர் பிடுங்க வேண்டும், நீங்கள் மெல்ல நடங்கள், உச்சிக்கு அந்தப் பக்கம் வந்து சேர்ந்துகொள்கிறேன் என்று புதருக்குள் போனார். ஆளைக் கூட்டி வரத்தான் போகிறார் என்று பாண்டியிடம் சொன்னேன். அவன் சிரித்தான்.

கணவாயில் நின்றபோது வியர்த்த முதுகு சில்லிட்டது. கிழக்கே எங்கள் சீமை சாம்பல் நிறத்தில் தட்டையாகக் கிடந்தது. மேற்கே மலைக்குப் பின் மலை. காலடியில் ஓர் ஓடை கிழக்கு நோக்கி ஓடியது. அதன் கரையை யாரோ வெட்டி, ஒரு முழ அகலத்தில் மேற்கே வாய்க்கால் இறக்கியிருந்தார்கள். பாதித் தண்ணீர் அதில் போய்ப் புதருக்குள் மறைந்தது. சுற்றிலும் ஆள் இல்லை.

பாண்டி சைக்கிளைச் சாய்த்து வைத்தான். எங்கள் பக்கத்தில் கரை உடைந்து தண்ணீர் போவதைப் பார்த்தவன், எந்த ஊர்க்காரனாக இருந்தாலும், வேட்டியை மடித்துக் கட்டி அதை அடைத்துவிட்டுத்தான் நகர வேண்டும். பார்த்துவிட்டுப் போனவனுக்குப் பெண் கொடுக்கக்கூட யோசிப்பார்கள்.

“ஏலே, நம்ம பக்கம் வார தண்ணிய மேக்க திருப்பியிருக்கான்ய்யா,” என்றான்.

திருட்டுத்தான் என்று நானும் சொன்னேன். அந்த ஓடைத் தண்ணீர் அருப்புக்கோட்டைக்கு வந்ததே இல்லை, வரப்போவதும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. நான் கல் எடுத்துக் கொடுத்தேன். அவன் புல்லோடு மண்ணைப் பெயர்த்து, கல்லுக்கு இடையில் அடுக்கி, குதிகாலால் மிதித்து இறுக்கினான். இருபது நிமிடத்தில் சொட்டுக்கூடக் கசியவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

கொஞ்ச தூரம் இறங்கியதும் செல்லையா குறுக்குவழியில் வந்து சேர்ந்தார். கையில் வேர் இருந்தது. வேரை எங்கிருந்தும் பிடுங்கலாமே என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மணிக்குக் குடியிருப்பு. பன்னிரண்டு வீடுகள். செல்லையாவின் தங்கை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, வெயிலில் வந்தவர்கள் என்று குடத்தைச் சாய்த்து எங்களுக்கு இரண்டு செம்பு தண்ணீர் தரச் சொன்னாள். அவளுடைய மாமியார் குடத்தைக் கடைசி வரை கவிழ்க்க வேண்டியிருந்தது. காலையில் பாதியிலேயே நின்ற தண்ணீர் இன்னும் வரவில்லை, பிள்ளையைக் குளிப்பாட்டக்கூட இல்லை, ஓடைக்கு இறங்கி ஏற இரண்டு மணி நேரம் ஆகும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பாதியைக் குடித்து முடித்திருந்தேன். நிமிர்ந்தபோது செல்லையா இல்லை.

சொல்லாமல் போய்விட்டார். இரண்டு மணி, மூன்று மணி. நான் இரண்டு சைக்கிளுக்கும் நடுவில் உட்கார்ந்து, எத்தனை பேரோடு வருவார் என்று கணக்குப் போட்டேன். பாண்டி மட்டும் குடியிருப்பின் கோடிக்குப் போனான். அங்கே ஒரு மூங்கில் குழாய், அதன் கீழே காலிக் குடங்கள் வரிசையாக. குழாயின் பின்னால் போன வாய்க்காலை அவன் கண் மலை மேலே தொடர்ந்தது. ஓட்டமாகத் திரும்பி வந்தான்.

“நாம அடைச்சது இவுக தண்ணியத்தாம்லே.”

போய்த் திறந்துவிட்டு வாரேன் என்று கிளம்பினான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். பன்னிரண்டு வீட்டுக்கு நடுவில் நாம் இரண்டு பேர், தெரிந்தால் சைக்கிளும் மிஞ்சாது, பேசாமல் இரு என்றேன். இதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது. அந்தத் தண்ணீர் என் வயிற்றில் இருந்தது.

அவன் கையை உதறிவிட்டு நடந்தான். நூறடிகூடப் போயிருக்க மாட்டான். மூங்கில் குழாய் இருமிவிட்டுக் கலங்கல் தண்ணீரைக் கொட்டியது. பெண்கள் குடத்தோடு ஓடினார்கள். சற்று நேரத்தில் செல்லையா முழங்கால் வரை சேறோடு இறங்கி வந்தார். என்ன ஆச்சு என்று எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

“பன்னி கிளறிப் போட்டுருக்கு,” என்றார்.

அன்று சாயங்காலம் எங்களுக்குக் கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் கிடைத்தன. பாண்டி சாப்பிடவில்லை.

மறுநாள் ஏழு மணிக்கு வண்டிப்பாதை தொடங்கும் இடம்வரை செல்லையா கூட வந்து வழியனுப்பினார். நான் ஐம்பது ரூபாயை நீட்டினேன். முப்பதை மட்டும் எடுத்துக்கொண்டார். பிறகு பாண்டியைப் பார்த்துச் சொன்னார்:

“பன்னி புல்லை அடுக்கிக் குதிங்கால் வச்சு மிதிக்காது. நல்ல அடைப்பு. புடுங்குறதுக்குள்ள இடுப்பு விட்டுப் போச்சு.”

பாண்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் சைக்கிளைப் பார்த்தபடி நின்றேன். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

ஆண்டிபட்டியிலிருந்து மதுரை வரை பஸ்ஸின் மேலே சைக்கிளைப் போட்டு வந்து, மறுபடி மிதித்தோம். காரியாபட்டி தாண்டியதும் ஓரிடத்தில் வாய்க்கால் கரை விட்டுத் தண்ணீர் ரோட்டுக்குக் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. பாண்டி இறங்கினான். வேட்டியை மடித்துக் கட்டினான். பிறகு அப்படியே நின்றான். நானும் நின்றேன். முக்கால் மணி நேரம் கழித்து மண்வெட்டியோடு ஒருவர் வந்தார்.

“அண்ணாச்சி, இது யாருக்குப் போற தண்ணி?” என்று கேட்டேன்.

அவர் என்னையும் சைக்கிளையும் மேலும் கீழுமாகப் பார்த்தார்.

“எதுக்குக் கேக்குறீக?”