கட்சி பிரிவதற்கு முந்தைய பாட்டுகள்

பனைமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் பாட்டு தொடங்கும் முன், இசைத்தட்டின் மேல் ஊசி உரசும் கரகர ஓசை கேட்கும். உத்திரமேரூரை அடுத்த எங்கள் ஊரில் கல்யாண வீடு எது என்பதை அந்த ஓசையை வைத்தே சொல்லிவிடுவோம். எழுபதுகளின் நடுவில், எனக்குப் பத்து வயதிருக்கும்போது, அந்தக் குழாயாலேயே என் அக்காவின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர்தான், ஆளுங்கட்சியிலிருந்த பெரிய நடிகர் பிரிந்துபோய்த் தனிக்கட்சி தொடங்கியிருந்தார். அதுவரை 'டூரிங் கொட்டகை'யில் ஒன்றாக உட்கார்ந்து விசிலடித்தவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள்; அவர் படத்தில் போட்டுவரும் சட்டையின் நிறத்திலும் பாட்டின் வரியிலும் அரசியலைத் தேடினார்கள். என் சித்தப்பா எங்கள் ஊர் ரசிகர் மன்றத் தலைவர். மாப்பிள்ளையின் அப்பா தங்கள் ஊரான கூரத்தில் பழைய கட்சியின் கிளைச் செயலாளர். ஜாதகம் பார்த்தவர்கள் இதைப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை அழைப்பன்று மாலை, கூரத்து லாரி எங்கள் தெருமுனைக்கு வந்தபோது, குழாயில் நடிகரின் புதுப்படப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆரத்தித் தட்டோடு பெண்கள் முன்னால் போனார்கள். மாப்பிள்ளையின் அப்பா லாரியின் முன்சீட்டை விட்டு அசையவில்லை.

"இந்த ஆளு பாட்டு நிக்கற வரைக்கும் என் காலு கீய படாது, சம்பந்தி."

பாட்டை நிறுத்தினால் மன்றத்துப் பையன்களைக் கூட்டிக்கொண்டு போய்விடுவதாகச் சித்தப்பா சொன்னார். பந்தல் போட்டது, தண்ணீர் சுமந்தது, மறுநாள் பந்தி பரிமாற இருந்தது எல்லாம் அவர்கள்தான். அப்பா லாரிக்கும் பந்தலுக்குமாக நடந்தார். லாரியைத் திருப்பலாம் என்று யாரோ சொல்ல, மாப்பிள்ளையின் தாய்மாமன் மட்டும், "இன்னா மச்சான், மாலையும் வாடிப்போச்சு, பையனும் வாடிக்கினு கீறான்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அக்கா சித்தப்பாவை உள்ளே கூப்பிட்டாள். கொட்டகை வாசலில் விற்கும் 'பாட்டுப் புஸ்தகங்களை' வருட வாரியாக நூலில் கட்டி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தவள் அவள். அதில் ஒரு கட்டை எடுத்து நீட்டினாள்.

"பிரியறதுக்கு முன்னாடி வந்த படம் எல்லாம் இதுல கீது, சித்தப்பா. இந்தப் பாட்டா போடச் சொல்லு. அப்போ எல்லாரும் ஒரே கட்சியிலதான இருந்தாங்க?"

நடிகரின் பாட்டுதான் என்பதால் சித்தப்பாவுக்கு மறுக்க வழியில்லை. இசைத்தட்டு மாறியது. மாப்பிள்ளையின் அப்பா, அது எப்போது வந்த படம் என்று டிரைவரிடம் கேட்டார். பாட்டை முழுதும் கேட்டார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு இறங்கினார்.

கல்யாணம் நடந்தது. ஆனால் அந்தச் சமரசமே அக்காவுக்குப் புகுந்த வீட்டில் சட்டமாகிவிட்டது. பிரிவுக்குப் பின் வந்த படங்களின் பாட்டு ரேடியோவில் வந்தால் மாமனார் எழுந்துவந்து நிறுத்துவார். முதலமைச்சரான பிறகும் அவ்வீட்டைப் பொறுத்தவரை அந்த நடிகர் பழைய கட்சிக்காரராகவே இருந்தார்.

கொட்டகை இருந்த இடத்தில் இன்று நெல் களம். மாமனார் காலமாகிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. எந்தப் பாட்டு எந்தக் கட்சிக்கு உரியது என்று கேட்க ஆளில்லை. சென்ற மாதம் அக்காவின் பேரன் செல்போனில் பாட்டு வைத்தான். நடுவில் பிரிவுக்குப் பின் வந்த பாட்டு ஒன்று தொடங்கியதும், அக்கா வாசற்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "கொஞ்சம் மெதுவா வைடா" என்றாள்.