மதிலுக்கு அந்தப் பக்கம்

எங்கள் தாத்தா மைசூர் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. கச்சேரியில் எழுதுவது போதாதென்று வீட்டிலும் எழுதுவார். அவர் போய் மூன்று வருஷம் கழித்து, எனக்குப் பதினெட்டு வயதில், பரணிலிருந்து அவருடைய டைரிகளை இறக்கினோம். மகாராஜா இன்னும் ஆண்டுகொண்டிருந்த காலம் அது.

படிக்கப் படிக்கச் சிரிப்புத்தான். பால்காரி தண்ணீர் கலந்தாள். சவரம் ஆயிற்று. தசரா யானை ஒன்று எங்கள் தெருமுனையில் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றது. ஜலதோஷம். மறுநாளும் ஜலதோஷம். என் அப்பா பிறந்ததற்கு ஒரே வரி. மூக்கொழுகலுக்கு நாலு வரி!

பக்கத்து வீட்டு மாமிக்கு இதைக் கேட்பது நாடகம் பார்ப்பது மாதிரி. மத்தியானம் கை வேலை முடிந்ததும் வந்து உட்கார்ந்துவிடுவாள். அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. அவள் பிறப்பதற்கு முன்பே, பிளேக் வந்த வருஷம், அவளுடைய அக்கா ஏழு வயதில் போய்விட்டாள். படம் கிடையாது. அந்தக் குழந்தையைப் பார்த்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

"ஏண்டீ, எங்க அக்காவைப் பத்தி ஒரு வரியாவது எழுதியிருக்காரா பாரேன். உங்க தாத்தா எழுதாம விட்டிருக்க மாட்டார்" என்பாள்.

தாத்தாவிடம் அவளுக்கு அவ்வளவு மதிப்பு. கிருஷ்ணன் பிறந்த ஸ்ரீஜயந்திக்கு ஒவ்வொரு வருஷமும் பெருமாளுக்குப் படைத்து ஆனதும் முதல் பட்சணத் தட்டு அவர்கள் வீட்டுக்குத்தான். தாத்தா தாமே எடுத்துக்கொண்டு போவார். தட்டு ஒருநாளும் காலியாகத் திரும்பியதில்லை. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது இருக்கும்.

அந்த வருஷ ஸ்ரீஜயந்திக்கு மறுநாள், சீடைத் தட்டை மாமி கையில் கொடுத்துவிட்டு, பிளேக் வருஷத்து டைரியைப் பிரித்தேன்.

அப்போதெல்லாம் பிளேக்குக்கு முதல் அடையாளம் எலி சாவதுதான். வீட்டில் எலி செத்துக் கிடந்தால் முனிசிபாலிட்டியில் சொல்லியாக வேண்டும். அவர்கள் கூரை ஓட்டைப் பிரித்து வெயில் விடுவார்கள். குடும்பம் ஊருக்கு வெளியே கொட்டகையில் போய் இருக்க வேண்டும்.

'காலையில் தளிகை உள்ளில் அடுப்பண்டை எலி செத்துக் கிடந்தது' என்று படித்தேன். 'நாளை தகப்பனார் திதி. கொட்டகையில் மடி ஆசாரம் ஏது? எலியைக் கிடுக்கியால் எடுத்துக் கொல்லை மதிலுக்கு அந்தப் பக்கம் போட்டேன். ஸ்நானம் செய்தேன்.'

வாய் முன்னால் ஓடிவிட்டது. புத்தி பின்னால்தான் வந்தது. கொல்லை மதிலுக்கு அந்தப் பக்கம் மாமியின் வீடு. நான் நிறுத்திவிட்டேன்.

"மேலே படி" என்றாள் மாமி.

'திதி குறைவில்லாமல் நடந்தது.' சில நாள் தள்ளி: 'பக்கத்து வீட்டில் எலி கண்டு எல்லோரையும் கொட்டகைக்கு அனுப்பினார்கள்.' அப்புறம்: 'அந்தக் குழந்தை கொட்டகையில் இறந்துபோயிற்றாம். ஜலதோஷம் தேவலை.'

இந்த ஜலதோஷத்துக்கா நான் சிரித்தேன்? எலியை எடுத்துப் போட்டதற்குக் குளித்த மனுஷர் குழந்தைக்காக ஒரு வார்த்தை வருந்தி எழுதவில்லை. அவர் மடியில் உட்கார்ந்து வளர்ந்தவள் நான். டைரியைத் தூக்கி வெந்நீர் அடுப்பில் போட வேண்டும் போல் ஆத்திரம் வந்தது.

"அவ பேரு எழுதியிருக்கா?"

"இல்லை, மாமி."

"இன்னும் என்ன இருக்கு? படி."

பக்கங்களைத் தள்ளினேன். 'ஸ்ரீஜயந்தி. முதல் தட்டைப் பக்கத்து வீட்டில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மாள் அழுதுகொண்டே வாங்கிக்கொண்டாள். தட்டில் சர்க்கரை வைத்துக் கொடுத்தாள்.'

அந்த அம்மாள் மாமியின் தாயார். மாமி கையிலிருந்த சீடையைத் தட்டில் போட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு, எப்போதும் போகிற கொல்லை வழியை விட்டு வாசல் வழியாகப் போனாள்.

மறுநாள் காலையில் கொல்லை மதில்மேல் எங்கள் தட்டு இருந்தது. நன்றாகத் தேய்த்து அலம்பியிருந்தாள். அதில் ஒரு பொட்டுச் சர்க்கரைகூட இல்லை.